கரையில் நெய்த எண்

எடப்பாடியில் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துகிறவர்களில் ஜோதியிடம் ஒருமுறை வேலை கொடுத்தவர்கள் வேறு கையைத் தேடிப் போனதில்லை. துண்டின் கரையில் மயில் வேண்டுமா, கடையின் பெயர் வேண்டுமா, முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவாள். கட்டம் கட்டமாக நிரப்பி, இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் அட்டையில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தபடிதான் தறி பூவை நெய்யும். ஓர் ஓட்டை தப்பினால் அதே தப்பு துண்டுக்குத் துண்டு திரும்ப வரும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். தன் பங்குக்கும் சேர்த்துத் தம்பி படிக்கிறான் என்று தெருவில் சொல்லித் திரிவாள்.

தம்பி நந்தகுமார் அப்போது நாமக்கல் பக்கம் இன்ஜினியரிங் கடைசி வருஷம். 2007 சித்திரையில் வீட்டுக்கு வந்தவன், தோசை தின்றுகொண்டே ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான். அதில் எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து ஒரு நீள வரிசை.

"என்ன சாமி இது?"

"சாவிக்கா. படம் கண்ணாடியாட்டம் தெரியற புது டிஸ்க் வந்திருக்குது. ஒரு கூட்டம் புளூ-ரேங்குது, இன்னொரு கூட்டம் எச்.டி. டிவிடிங்குது. இவன் டிஸ்க் அவன் பெட்டியில ஓடாது. ஆனா ரெண்டுக்கும் பூட்டு ஒண்ணுதான். ஆரும் காப்பி எடுக்கக் கூடாதுன்னு பூட்டி வெச்சிருந்தானுங்க. இந்த நம்பரப் போட்டாத் தொறந்துக்கும்."

ஜோதியின் கணவன் மாரி தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "ஏம் மாப்ளே, அடுத்தவன் பூட்ட ஒடைக்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சது?"

"காசு குடுத்து வாங்குனவன் அத எந்தப் பெட்டியில பாத்தா பூட்டுனவனுக்கென்ன மச்சான்?"

"அதுஞ் சரிதான்" என்றாள் ஜோதி. "இந்தச் சாவிய ஆரு கண்டுபுடிச்சது?"

நந்தகுமார் தோசையைக் கிள்ளினான். சட்னியில் தொட்டான். வாயில் போடவில்லை.

"நாந்தான்க்கா."

வைகாசியில் அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அன்றைக்கு நந்தகுமாருக்குத்தான் முதல் மரியாதை. வருகிற சனத்துக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுப்பதென்று முன்பே முடிவாகியிருந்தது. கரையில் எந்தப் பூவைப் போடுவது என்று ஜோதி யோசித்துக்கொண்டிருந்தாள். இனி யோசிக்க என்ன இருக்கிறது?

காகிதத்தைப் பத்திரப்படுத்திக் கட்டத் தாளை விரித்தாள். எழுத்துகளில் ஏ முதல் எஃப் வரைதான் வருகிறது, அதைத் தாண்டி ஒன்றும் இல்லை என்பதைக்கூடக் கவனித்தாள். ஏன் என்று தெரியவில்லை, தம்பிக்குத் தெரியும். நந்தகுமாரிடம் மூச்சு விடவில்லை. வெள்ளைத் துண்டு, சிவப்புக் கரை, கரை நெடுக அந்த எண். தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் தீரும் வரை மாரி ஓட்டினான். தண்ணீரில் நனைத்துக் கசக்கிப் பார்த்தாள். சாயம் ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை.

காதுகுத்தன்று தோளில் துண்டு விழுந்ததும் நந்தகுமார் கரையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்ததை, கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள் ஜோதி. பந்தியில் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "எந்தம்பி கண்டுபுடிச்ச நம்பருங்க. சீமைக்காரன் பூட்டையே தொறந்துட்டானுங்க." பக்கத்துத் தறிக்காரர் ராசப்பன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். "அப்ப இனி எம்மண்டையும் தொறந்துக்கும்!" பந்தி சிரித்தது.

மாரியின் சித்தப்பா மகன் சித்தார்த் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். கரையைத் தடவிப் பார்த்தவன், வாயில் இருந்த சோற்றோடு சிரித்துவிட்டான்.

"அண்ணி, இது இன்டர்நெட் பூராக் கெடக்குது. வெளிநாட்டுல இதச் சட்டையிலயே அச்சடிச்சு விக்கறானுங்க. நம்ம நந்தன் கண்டுபுடிச்சதுன்னு ஆரு சொன்னது?"

பந்தியே ஜோதியைத் திரும்பிப் பார்த்தது. சாம்பார் வாளியோடு ஜோதி நின்றாள். எதிர் வரிசையில் தம்பி. அவன் இலையிலிருந்து தலையைத் தூக்கினால் போதும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். காத்திருந்தாள். அவன் சோற்றில் ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

"அவஞ் சொல்லலீங்க" என்றாள் ஜோதி. "எட்டாவது படிச்ச கழுதைக்கு என்ன தெரியும்? அவன் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"சரி வுடுங்க அண்ணி, டிசைன் நல்லாத்தான் இருக்குது" என்றான் சித்தார்த்.

சாம்பார் வாளியை அடுத்த இலைக்கு நகர்த்தினாள். கரண்டி வாளியில் இடித்துச் சத்தம் போட்டது. சித்தார்த் சிரித்ததை அவளால் தாங்க முடிந்தது. மகனுக்குக் காது குத்திய அன்றைக்கு எல்லார் முன்னாலும் பொய் சொன்னதும், அந்தப் பொய்யின் நிழலில் தம்பி ரசம் குடித்ததும்தான் தாங்கவில்லை.

அன்று மாலையே அட்டைகளைக் கோத்த கயிற்றை அறுத்து, அவற்றை அடுப்பில் எரித்தாள். ஆனால் துண்டுகள் ஊருக்குள் போய்விட்டன. சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர் தோளில் அந்த எண். பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர் தலையில் அந்த எண். பக்கத்துத் தெரு ஆத்தாயி வீட்டுத் துணிக்கொடியில், எருமை கட்டிய வேலியில். வேறு யாராவது நெய்திருந்தால் இரண்டு துவைப்பில் வெளுத்திருக்கும். இது இவள் வீட்டுத் தறியில் நெய்தது. எதிரே துண்டு வந்தால் ஜோதி வேறு சந்தில் திரும்பிவிடுவாள்.

மறுவருஷம் ஆடி நோம்பிக்கு நந்தகுமார் வந்தான். சென்னையில் வேலை கிடைத்திருந்தது. சண்டை போட்ட இரண்டு கூட்டத்தில் எச்.டி. டிவிடிக்காரர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள் என்றான். பூட்டின் எண்ணையும் மாற்றிவிட்டார்களாம். பழைய சாவி புது டிஸ்க்குக்குச் சேராதாம். ஜோதி அவன் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். காதுகுத்தைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை.

ஊருக்குத் திரும்பும் நாளில் பஸ் ஏற்றிவிடப் போனாள். டீக்கடை முன்னால் ராசப்பன் நின்றிருந்தார், தோளில் அதே துண்டு, அதே சிவப்பு. ஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நந்தகுமார் பையைக் கீழே வைத்துவிட்டு நேரே அவரிடம் போனான்.

"அண்ணா, அந்த நம்பர் நான் கண்டுபுடிச்சதில்லைங்க. நாந்தான் அக்காகிட்டப் பொய் சொன்னேன். அக்கா மேல தப்பில்லைங்க."

ராசப்பன் டீயை ஊதிக் குடித்தார். "அது எங்களுக்குத் தெரியாதாக்கும்? கட்டம் பாத்து அட்டை குத்தறவ, காதுல வுழுந்தத மாத்திப் புரிஞ்சுக்குவாளா சாமி? அன்னைக்கே பந்தி முச்சூடுந் தெரிஞ்சுபோச்சு. உங்கக்கா மொகத்துக்காகத்தான் ஒருத்தரும் வாயத் தொறக்கல."

ஜோதிக்குக் காது வரை சூடேறியது. ஒரு வருஷமாகச் சந்து மாறிச் சந்து நடந்தது, எல்லாருக்கும் தெரிந்தே நடந்திருக்கிறது. கத்தரிக்காய்க்காரர் ஒரு பிடி கூடுதலாகப் போட்டதுகூட அதற்காகத்தானோ?

நந்தகுமார் திரும்பி வந்து அவள் முன்னால் நின்றான். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணை நிமிர்ந்து பார்க்க அவளால் ஆகவில்லை.

"பையத் தூக்கு" என்றாள், தரையைப் பார்த்தபடி. "பஸ் எடுக்கறான்."