அக்கா பிடுங்க விடாத சேம்பு

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. பலாமரத்தடிச் சேம்பு மட்டும் மழை கண்டதும் வழக்கம்போல் துளிர்த்து நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கெலமங்கலத்தில் ராகியும் அவரையும் விளைவித்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே பள்ளியை விட்டு, தங்கையான என்னை வளர்த்தார். யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அவருக்கும் சேர்த்து நான் பேசினேன்.

பருவ வயதில் அவர் வலக்கையில் வெண்புள்ளி படர்ந்தது. ஒட்டுகிற நோயல்ல. ஊரார் அதற்கு வைத்த பெயரை எழுத எனக்கு மனமில்லை. வந்த வரன்களெல்லாம் கையைப் பார்த்ததும் எழுந்து போயின. அந்நாளில்தான், பெங்களூருக்கு அவரைக்காய் மூட்டை கொண்டுபோன அப்பா சில கிழங்குகள் வாங்கி வந்தார். வெள்ளை படர்ந்த இலையுள்ள குட்டிச் சேம்பு அது. சமையலுக்கு ஆகாது, பார்க்கத்தான். வெயில் பட்டால் இலை கருகிவிடும். கிணற்றடிப் பலாமர நிழலில், மக்கிய இலை போட்டு அக்கா அதை வளர்த்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். "கையை முந்தானைக்குள்ள வெச்சுக்கோ. தாலி ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் அம்மா. அக்காவும் அப்படியே செய்தார். கை கழுவக் கிணற்றடிக்குப் போன மாப்பிள்ளையின் அப்பா, சேம்பைக் கண்டதும் குனிந்தார். எங்கள் பக்கத்து உழவர்கள் வெளுத்த செடியைக் கண்டால், அடுத்தவர் கொல்லையானாலும் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் நிமிர்வார்கள்.

"அட, வெளுப்பு நோயி! அவரைக்குத் தாவறதுக்குள்ள பிடுங்கோணும்!"

அக்கா ஓடினார். "பிடுங்காதீங்க மாமா! நோயில்லீங்க, அதோட நிறமே அதான்."

தடுக்க நீட்டிய கை வெளியே தெரிந்துவிட்டது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "இதுவும் அப்படித்தானுங்க. ஒட்டாது" என்றார்.

பெரியவர் இலையை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை சரியென்று தலையசைத்தார்.

"எங்க வீட்டுலயும் பலாமரம் இருக்குது. ஒரு கிழங்கு வேணும்" என்றார் பெரியவர். "இப்ப வேண்டாம். நீ வரும்போது எடுத்துட்டு வாம்மா."

அந்தக் கிழங்கோடுதான் அக்கா புகுந்த வீடு போனார். பின்னாளில் அந்தப் பெரியவர் படுக்கையில் விழுந்தபோது, கடைசிவரை அக்கா அந்தக் கையால்தான் சோறூட்டினார். தானே படுத்த நாட்களிலும், "சேம்புக்குத் தண்ணி ஊத்துனியா?" என்றுதான் என்னைக் கேட்டார்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக எங்களோடு அலைந்தவர்களுக்கும், இறுதியில் தோள் கொடுத்தவர்களுக்கும் குடும்பத்தாரின் நன்றி. இந்த நினைவு மலரோடு ஆளுக்கொரு கிழங்கு தருகிறோம். நிழலில் நடுங்கள். இலை வெளுத்து வந்தால் பிடுங்கிவிடாதீர்கள். அதன் நிறமே அதுதான்.

— தங்கை