மஞ்சள் பனியன் போட்ட வீதி

திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய எங்கள் வீதியில் இன்று நடந்தால் செல்போன் கடைகளும் லாட்ஜுகளும்தான் கண்ணில் படும். நான் பிறப்பதற்கு முன் அங்கே வரிசையாகப் பஞ்சு குடோன்கள் இருந்தனவாம். நான் வளர்ந்த காலத்தில் கீழே பனியன் கம்பெனி, மேலே குடித்தனம் என்று எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தது. எங்களைப் போன்ற முஸ்லிம் குடும்பங்கள், காங்கேயம் பக்கம் தோட்டத்தை விட்டு வந்தவர்கள், தேனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், மொட்டைமாடி அறைகளில் இந்திக்காரப் பையன்கள். ஒருவர் பெயர் இன்னொருவருக்குச் சரியாகத் தெரியாது. ஓவர்லாக் அக்கா, அயர்ன் அண்ணன் என்று வேலையே பெயராகிவிடும்.

எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்தது பெரியத்தாவின் கம்பெனி. அவர் அத்தாவின், அதாவது என் அப்பாவின், அண்ணன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கையில், அந்தக் கம்பெனி முழுக்க மஞ்சள் பனியன்கள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. சின்னக் குழந்தை அளவிலிருந்து பெரிய ஆள் அளவு வரை எல்லாவற்றிலும் நெஞ்சில் ஒரு நீலக் கப்பல். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரன் கேட்டது எலுமிச்சை மஞ்சளாம், சாயம் ஏறி வந்தது மாம்பழ மஞ்சளாம். அதனால் மொத்தச் சரக்கையும் வேண்டாம் என்றுவிட்டான். மாம்பழம் பிடிக்காத மனிதனும் உலகத்தில் இருக்கிறானா என்று நான் வியந்தேன்.

வேஸ்ட் துணி வியாபாரி ஒருவர் வந்து குவியலைச் சுற்றிப் பார்த்தார். எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார். பெரியத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது வேஸ்ட் இல்லீங்க. தச்ச பனியனுங்க. நம்ம வீதி சனம் போட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

மறுநாளே வீதி மாம்பழ நிறமாகிவிட்டது. அயர்ன் அண்ணன், பால்காரர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், கோவிலுக்குப் போகிறவர், எல்லார் நெஞ்சிலும் கப்பல் மிதந்தது. ஓவர்லாக் அக்கா சேலை மேல் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அம்மா என் தம்பிக்கு ஒன்றை மாட்டிவிட்டாள். அவனுக்கு அப்போது நாலு வயது. கழற்றவே விடமாட்டான். பெரியத்தாவின் மனைவி, எங்கள் பெரியம்மா மட்டும் அதைத் தொடவில்லை.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அம்மா மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் தம்பியைக் காணோம்.

துணி எடுக்க நாலா பக்கத்திலிருந்தும் வந்திருந்த கூட்டத்தில் வீதியே தெரியவில்லை. அம்மா தலையில் துணியைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். அத்தாவும் அயர்ன் அண்ணனும் இன்னும் நாலைந்து பேரும் கடைவீதி முனையில் போலீஸ் போட்டிருந்த பந்தலுக்குப் போனார்கள்.

"பையன் என்ன போட்டிருந்தான்?"

"மஞ்சப் பனியனுங்க. நெஞ்சுல நீலக் கப்பலுங்க."

போலீஸ்காரர் தலையை நிமிர்த்தி எதிரே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஏனுங்க, எல்லாரும் ஒரே குடும்பமுங்களா?"

"இல்லீங்க, ஒரே வீதிங்க" என்றார் அயர்ன் அண்ணன்.

மைக்கில் அறிவித்தார்கள். திருப்பூர்க்காரர்கள் நல்லவர்கள். மஞ்சள் பனியன் போட்ட பிள்ளை எது கண்ணில் பட்டாலும் தூக்கிக்கொண்டு வந்து பந்தலில் சேர்த்தார்கள். முறுக்குத் தின்றுகொண்டிருந்தவன் ஒருவன், அப்பனோடு செருப்பு வாங்க வந்தவன் ஒருவன். நான் பெண்பிள்ளைதான், ஆனால் பேன் தொல்லைக்காக அந்த மாதம்தான் எனக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்; நெஞ்சில் அதே கப்பல் வேறு. தம்பியைத் தேடி அழுதுகொண்டே போன என்னையும் ஒரு அம்மாள் மடக்கிப் பிடித்துவிட்டாள். "அழுகாத கண்ணு, உங்க அப்பா கிட்டக் கொண்டுபோய் உடறேன்" என்று என் கையை விடவேயில்லை. பந்தலில் என்னைக் கண்ட அத்தாவின் முகம் மலர்ந்து, நான் யாரென்று தெரிந்ததும் வாடியது. அவனுக்குப் பதில் நான் காணாமல் போயிருக்கலாமே என்று எனக்கே தோன்றியது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, தேடிச் சலித்து வீடு திரும்பியிருந்தோம். கம்பெனி வாசலில் சத்தம் கேட்டது. எதிர் மொட்டைமாடி அறையில் இருந்த இந்திக்காரப் பையன் ஒருவன் தோளில் தம்பியைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான். ஊருக்குப் போகும் நண்பனை வழியனுப்பப் போனவன், ரயில் புறப்படும் நேரத்தில் பெட்டிப் படியில் ஏற முயன்றுகொண்டிருந்த கப்பலைப் பார்த்திருக்கிறான். அவனும் அதே பனியனைத்தான் போட்டிருந்தான். தன் நெஞ்சைத் தொட்டான், தம்பி நெஞ்சைத் தொட்டான், பெரியத்தாவின் கம்பெனியைக் கைகாட்டினான். அவனுக்குத் தெரிந்த விலாசம் அவ்வளவுதான். அம்மா பிள்ளையைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டாள். அத்தா அவன் பெயரைக் கேட்டார். அந்த வீதியில் அவன் பெயரை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பெரியம்மா படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். தம்பி கிடைத்த பிறகும், அவன் பிஸ்கட் தின்று முடித்த பிறகும், அழுகை நிற்கவில்லை. "அதான் வந்துட்டானே பெரியம்மா" என்று நான் சொல்லிப் பார்த்தேன். பெரியத்தா தம்பியின் அருகில் குனிந்து, அவன் பனியனின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்து, தோள் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் வந்திருக்கு" என்றார், யாரிடமென்றில்லாமல்.

தீபாவளி முடிந்து ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பெரியத்தாவின் கம்பெனி மட்டும் திறக்கவில்லை. ஒரு நாள் டெம்போ வந்து மிஷின்களை ஏற்றிக்கொண்டு போனது. பிள்ளைகள் எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மழை வந்தாலும் நனையாமல் ஓடிப்பிடித்து விளையாட அவ்வளவு பெரிய ஹால்! கூச்சலிட்டால் சுவர் திருப்பிக் கூச்சலிடும். பெரியத்தா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டேயிருப்பார், ஒருநாளும் அதட்டமாட்டார். பிள்ளைகள் விளையாடுவதற்காகக் கம்பெனியையே காலி செய்து கொடுத்தவர் எங்கள் பெரியத்தா என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.