அத்தைக்கு வந்த வட்டி

கணவர் இறந்து ஒரு வருடம் கழித்து அவருடைய கிரெடிட் கார்டு பாக்கி எங்களைத் தேடி வந்தது. 2008 வாக்கில் இருக்கும். கார்டைக் கொடுத்த பேங்க் கடலூரில், நாங்கள் சிதம்பரத்தில். வசூல் ஏஜென்ட்டுகள் தினமும் போன் செய்தார்கள். "செத்தவர் மேல மரியாதை இருந்தா கட்டிடுங்க மேடம்" என்றான் ஒருவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மரியாதைய நான் பாத்துக்கறேன். நீ கோர்ட்டுக்குப் போ" என்று போனை வைத்தேன்.

நிஜமாகவே போய்விட்டார்கள். வாரிசுகள் என்று எனக்கும் மாமியாருக்கும் கடலூர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

கட்டுவதில்லை என்று முடிவெடுத்து ஒரு வக்கீலைப் பிடித்தேன். "அவர் விட்டுட்டுப் போன சொத்து உங்க கைக்கு வந்திருந்தாத்தான் கேக்க முடியும். ஒண்ணும் வரலன்னா ஒரு பைசா கட்ட வேணாம். ரெண்டு பேரும் கூண்டுல ஏறி அதைச் சொல்லிடுங்க" என்றார்.

சொல்வதற்கு எனக்கென்ன? ஓடாத மொபெட்டையும் நாலு பேன்ட்டையும் தவிர மனிதர் எதையும் விட்டுப்போகவில்லை. சிக்கல் மாமியாரிடம்தான். ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் ஜாக்கெட் தைத்த கூலியில் கொஞ்சம் எடுத்து, "உங்க புள்ள போட்டுவச்ச டெபாசிட்டு வட்டி, அத்தை" என்று அவரிடம் கொடுத்துவந்தேன். மருமகள் கையை எதிர்பார்க்கிறோமே என்று அவர் குறுகிப்போகக் கூடாது என்பதற்காக ஆரம்பித்தது. அவரோ அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கூண்டிலும் பெருமையாகச் சொல்வார். அப்புறம் இல்லாத டெபாசிட்டைத் தேடிக்கொண்டு பேங்க் என் தையல் மெஷின் வரை வந்துவிடும்.

பல நாள் வாயெடுத்தேன், வரவில்லை. கோர்ட்டுக்குப் போகும் பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியபோது, இனி தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது; சொல்லிவிட்டேன்.

"அத்தை, டெபாசிட்டுன்னு ஒண்ணும் இல்ல. நான் தச்ச காசுதான் அது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடனைக் கேட்டு விரட்டியதை விட, அன்றைக்கு என்னை அதைச் சொல்லவைத்ததற்காகத்தான் அந்த பேங்கை அதிகமாக வெறுத்தேன்.

கூண்டில் முதலில் நான் ஏறி இறங்கினேன். அடுத்து அவர். பேங்க் வக்கீல், "உங்க பையன் டெபாசிட் ஏதாவது போட்டு வச்சிருந்தாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"அப்ப உங்க சாப்பாட்டை யார் பாத்துக்கறது?"

"எம்மருமவ தைக்குது. நான் சாப்புடறேன்."

குரல் துளியும் நடுங்கவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

சில வாய்தாக்களுக்குப் பிறகு, எங்களிடம் வசூலிக்க எதுவும் இல்லை என்று தீர்ப்பாகிக் கேஸ் தள்ளுபடியானது. ஜெயித்ததில் சந்தோஷம்தான். ஆனால் அடுத்து வந்த ஒன்றாம் தேதி, பணத்தை என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை. பேசாமல் நீட்டினேன். வாசலில் பக்கத்து வீட்டம்மா அவரோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

மாமியார் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்தம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகவே கேட்டார்.

"எம்புள்ள டெபாசிட்டு வட்டி வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு, அத்தை" என்றேன்.