அண்ணாவைக் கேட்டு வந்தவர்

எங்கள் அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. வருஷாப்திகத்துக்கு வந்திருக்கும் உறவினர்கள் கையிலும் டாலிகஞ்ச் காலனி நண்பர்கள் கையிலும் இந்த நினைவு மலரைக் கொடுக்கிறோம். இம்மாதிரி மலர்களில் போனவரைப் பற்றி இனிப்பாக எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அது வரவில்லை. தங்கையாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணா பிறந்தது கும்பகோணத்தில். மூன்றாம் மாதமே கல்கத்தா வந்துவிட்டார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. வீட்டில் தமிழும் வெளியில் வங்காளமுமாக வளர்ந்த அண்ணா ஒன்பது வயதில் கால்பந்தைத் தொட்டார். அதற்குப் பிறகு புத்தகத்தை ஒழுங்காகத் தொடவில்லை. முன்வரிசை ஆட்டக்காரர். மற்றவர்கள் பந்தைத் துரத்துவார்கள். அண்ணா பந்து வந்து சேரப் போகும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நிற்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்கத்தா மைதானத்தின் பெரிய கால்பந்து கிளப் ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. நான்கு சீசன்கள் அவர்களுக்காக கோல் அடித்தார். மாலை போட்டார்கள், தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

ஐந்தாவது சீசனுக்கு முன்பு முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டு கிளப் மாறும் நாட்களில், கிளப்காரர்கள் தங்கள் ஆளை வேறு கிளப் கொத்திக்கொண்டு போகாமல் எங்காவது ஒளித்துவைப்பார்கள். கல்கத்தாவில் இது எல்லோருக்கும் தெரிந்த கூத்து. அந்த முறையும் மேஜ்தா வந்தார். மேஜ்தா என்றால் வங்காளத்தில் நடு அண்ணன். கிளப் நிர்வாகியான அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சந்தேஷ் இனிப்பு டப்பாவை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அண்ணாவை டயமண்ட் ஹார்பர் பக்கம் ஒரு தோட்ட வீட்டுக்குக் காரில் கூட்டிப்போனார். "யார் வந்து கேட்டாலும் மெட்ராஸ் போயிருக்கார்னு சொல்லிடுங்க" என்று எங்களுக்கு உத்தரவு வேறு.

மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். கசங்கிய வேட்டி, கையில் குடை. சின்ன கிளப் ஒன்றின் செயலாளராம். "உங்க அண்ணாவை நாங்க எடுத்துக்கறோம்மா. முழங்காலுக்கு வைத்தியமும் நாங்களே பார்க்கறோம். ஒரு வார்த்தை அவர் காதுல போட்டாப் போதும்" என்று வங்காளத்தில் சொன்னார். வாசலில் நின்றவள் நான்தான். "மெட்ராஸ் போயிருக்கார். எப்ப வருவார்னு தெரியாது" என்றேன். மறுநாளும் வந்தார். கையெழுத்துக்குக் கடைசி நாள் காலையிலும் வந்தார். மூன்று முறையும் அதே பதில். அப்பா என்னைக் கெட்டிக்காரி என்றார்.

அன்று மாலை, கையெழுத்து நேரம் முடிந்த பிறகு, அண்ணா பஸ்ஸில் தனியாக வீடு திரும்பினார். கையெழுத்துப் போட அழைத்துப்போக வருவதாகச் சொன்ன கார் வரவேயில்லையாம். மறுநாள் பேப்பரில் வந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. கிளப்புக்கு இனி அவர் வேண்டாம். ஆனால் எதிர்ப்பக்கம் நின்று தங்களுக்கே கோல் போட்டுவிடக் கூடாது. அத்தனை நாள் விருந்தும் உபசாரமும் அதற்குத்தான். அண்ணாவோ, "முட்டி போச்சு, அதான் யாரும் கேக்கலை" என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தி, "வேண்டாம்டி, இப்ப தாங்க மாட்டான்" என்றாள்.

கிளப் கைகழுவிய ஆட்டக்காரருக்கு இந்த ஊரில் என்ன மரியாதை என்று அதன் பிறகு பார்த்தோம். அரசு அலுவலகங்களில் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை உண்டு. அண்ணா போனபோது, "இந்த சீசன் எந்த டீம்?" என்ற ஒரே கேள்வியில் கதையை முடித்துவிட்டார்கள். இரண்டு வருஷம் மாவட்டப் பந்தயங்களில் கூலிக்கு ஆடி, மிச்சமிருந்த முழங்காலையும் தொலைத்தார். பிறகு கூரியர் கம்பெனி. அலிப்பூர் அலுவலகங்களின் மாடிப்படிகளைக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறித் தபால் கொடுப்பார். அங்கே நாற்காலிகளில் அவரோடு ஆடியவர்கள் இருந்தார்கள். ரசீதில் கையெழுத்துப் போட்டு, நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். அண்ணா யாரையும் குறை சொன்னதில்லை. பெருந்தன்மை என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கும். தன்னை யாருக்கும் வேண்டாம் என்று அவர் நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

நாற்பது வயது நிறையவில்லை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறாம் நாள் போய்விட்டார். மேஜ்தா கிளப் கொடியோடு வந்து நின்றார். கொடி போர்த்தி, மைதானத்தில் கிளப்பின் அலுவலகமான கூடாரம் வழியாக உடலை எடுத்துப்போக வேண்டுமாம். பழைய ஆட்டக்காரர்களுக்குச் செய்கிற மரியாதையாம். அண்ணி எழுந்து, "இத்தனை வருஷமா இந்த வீட்டுக்கு வழி தெரியலை. இன்னிக்கு மட்டும் யார் சொன்னாங்க?" என்று வங்காளத்திலேயே கேட்டார். மேஜ்தா கொடியைச் சுருட்டிக்கொண்டு போனார். அண்ணி அன்று செய்ததுதான் சரி.

ஆஸ்பத்திரியில் முறை வைத்துக் காத்திருந்த காலனிக்காரர்களுக்கும், எங்களுக்குச் சோறு கட்டி அனுப்பிய பௌதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவுக்கும், காளிகாட் பக்கத்து மயானம் வரை வந்து தோள் கொடுத்த கூரியர் கம்பெனித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கிளப் அனுப்பிய இரங்கல் செய்தியை இந்த மலரில் சேர்க்கவில்லை.

இனி எழுதப்போவது அண்ணிக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் அண்ணா என்னைக் கேட்டார்: "நான் அந்தத் தோட்ட வீட்ல இருந்தப்ப, யாராவது என்னைக் கேட்டு வந்தாங்களா?"

சொல்லியிருந்தால், தன்னை ஒருவர் மூன்று முறை தேடி வந்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். திருப்பி அனுப்பியது யார் என்றும் தெரிந்திருக்கும். நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

"இல்லண்ணா, யாரும் வரலை" என்றேன்.

"அப்ப சரி" என்று அண்ணா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.