கண்ணாடிக் கதவில் ஒட்டிய கை

எங்கள் வங்கியின் தலைமை அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவளை எல்லோரும் 'கறை அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். கேலி இல்லை, மரியாதைதான். அவள் கை பட்டால் எந்தக் கறையும் தங்காது. கம்பளத்தில் ஒட்டிய சூயிங்கத்துக்கு ஐஸ் கட்டி, சிந்திய மைக்கு ஸ்பிரிட், பசைக்கு வெந்நீரும் சோப்பும். "முடியுமா?" என்று கேட்டு வாய் மூடுவதற்குள் "முடியும்" என்பாள். பதினோரு வருஷமாக அங்கே டீ போடுகிறேன், வேறு பதில் அவளிடமிருந்து கேட்டதில்லை.

வீட்டில்தான் அவள் ஜம்பம் பலிக்காது. அனல்மின் நிலையத்துக்குப் பின்தெருவில் குடித்தனம். காலையில் துடைத்த ஜன்னல் மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். அந்த நிலையத்தில் நிலக்கரி இறக்கியே அவள் புருஷனுக்கு நெஞ்சு போய்விட்டது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். அவள் சம்பளத்தில்தான் அவருக்கு மருந்து.

அதே நிலையத்தை இரண்டு மடங்காக்க எங்கள் வங்கி கடன் கொடுக்கப்போகிறது என்று ஒரு மாதமாக வாசலில் கூட்டம், கோஷம். கையெழுத்துப் போடுகிற அன்று காலை, இரண்டு கண்ணாடிக் கதவும் சேருகிற இடத்தில் கதவைத் திறக்க முடியாதபடி ஒரு பெண் உள்ளங்கையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டாள். பதினோரு மணிக்கு அனல்மின் நிலையத்து முதலாளி வருகிறார். அவரைப் பின்வாசல் வழியாக அழைத்துவர எங்கள் பெரியவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "அக்கா, பசையை எடுக்க முடியுமா?"

"முடியும் சார்."

சொல்லிவிட்டுத்தான் போய்ப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டு நின்றது அவள் தெரு மருந்துக்கடைக்காரம்மா. அக்கா புருஷனுக்கு மாதாமாதம் இன்ஹேலர் எடுத்துக் கொடுக்கிறவள்.

"அக்கா, இந்தக் கடனுக்குத் தடை கேட்டுப் போட்ட கேஸ் நாளைக்குக் கோர்ட்ல வருது. இன்னிக்கு ஒரு நாள் தள்ளிப்போனா போதும். முடியலேன்னு சொல்லிடுங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

அக்கா சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன யோசனை? முடியும்னு சொன்னீங்கல்ல? முடியலேன்னா சொல்லுங்க, நாளையிலேர்ந்து வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். வெந்நீர்க் கெட்டில் என் கையில் இருந்தது. கீழே போட்டிருக்கலாம். இன்னொரு தடவை கொதிக்கவைக்கக் கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். புத்தி கெட்ட நான் நீட்டினேன்.

சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள். சோப்புநீரால் நனைத்து நனைத்து, குழந்தை நகத்தை வெட்டுகிற பக்குவத்தில் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கை வந்துவிட்டது. உள்ளங்கைத் தோல் கொஞ்சம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அதையும் துடைத்தாள். மருந்துக்கடைக்காரம்மாவைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். கையெழுத்தானதும் மேலே கைதட்டல் கேட்டது.

மூன்றாம் நாள் அக்கா இன்ஹேலர் வாங்கப் போனாளாம். கட்டுப்போட்ட கையோடு மருந்துக்கடைக்காரம்மா எடுத்துக் கொடுத்து, "டாக்டர் டோஸ் கூட்டியிருக்காரு, இனி காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு" என்று மட்டும் சொன்னாளாம்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலைடி" என்றாள் என்னிடம்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "விடுக்கா. நீ எடுக்கலேன்னா வேற யாராவது எடுத்திருப்பாங்க" என்றேன்.

வாளியைத் தூக்கினவள் நின்றாள்.

"வேற யாராலயும் முடியாதுடி."