முங்கிச் செத்தவன் இடம்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது நாலு, தம்பி பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஆறு. செத்துப்போனவளால் இதெல்லாம் முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி நித்யா, ஐரோலியில் வேலை பார்க்கிறவள், தாராவியில் முன்னே காடி என்கிற உப்பங்கழி இருந்த பக்கம் வந்திருக்கிற புது பார் ஹோட்டலுக்குக் கூட்டிப்போனாள். பொரித்த பொம்பில் மீனை வைத்துவிட்டு, பரிமாறுகிறவர் இந்தியில் கதை சொன்னார். அந்தக் காலத்தில் இங்கே கள்ளுக்கடையாம். காடியில் முங்கிச் செத்த மீன்காரனுக்கு அதில் ஓர் இடமாம். அங்கே உட்கார்ந்த மதராஸிப் பொம்பளை மறுநாளே செத்துப்போனாளாம். வாயிலிருந்த மீனை நிதானமாக முழுங்கினேன். அந்தப் பொம்பளை நான்தான்.

அறுபதுகளில் தோல் கிடங்கில் உப்புத் தேய்க்கிற வேலை எனக்கு. எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை போகாது, கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் போவோம். மத்தியானம் கள்ளுக்கடையில் சுடுசோறும் மீன்குழம்பும் நன்றாக இருக்கும். ஆம்பளைகளுக்கு உள்ளே பெஞ்சு. எங்களுக்குப் பின்பக்க ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுவார்கள், சாக்கடை ஓரம் குத்தவைத்துத் தின்ன வேண்டும். உள்ளே காடியைப் பார்த்த பெஞ்சில் ஓர் இடம் மட்டும் எப்போதும் காலி. ஒரு டம்ளர் கள்ளும் ஒரு துண்டு மீனும் வைத்திருப்பார்கள். தண்ணி ஏறுகிற நேரம் செத்தவன் வந்து சாப்பிடுவானாம். அதில் உட்கார்ந்த லாரி டிரைவர் ஒருத்தரைப் பிறகு யாரும் பார்க்கவில்லையாம். அவர் சூரத்துக்கு வேலை மாறிப் போனது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அடித்த மழையில் தட்டில் இருப்பது குழம்பா தண்ணியா என்று தெரியவில்லை. தட்டோடு உள்ளே போனேன்.

"பொம்பளையாளுக்கு உள்ள எடமில்ல தாயி" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"அந்தா காலியாத்தான கெடக்கு?"

"அது அவன் எடம்லா!"

"வரட்டும். வந்தா எந்திரிச்சுக்கிடுதேன்."

உட்கார்ந்துவிட்டேன். என் கூட வேலை பார்த்த செல்லம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று, "ஏட்டி, எந்திரிட்டீ" என்று அழுதாள். மூலையிலிருந்து ஒருத்தர், "இவளுக்குப் பால் ஊத்த ஆள் பாருங்கவே" என்றார்.

"அந்தப் பால இப்பமே குடும், குடிச்சிருதேன்" என்றேன். வாய் எனக்கு அப்படி.

விடிந்தால் காய்ச்சல். மழையில் நனைந்த காய்ச்சல்தான். யார் நம்புவார்கள்? மத்தியானம் நான் போகாவிட்டால் செத்தவன் ஜெயித்துவிடுவான். அப்புறம் எந்தப் பொம்பளையும் அந்தக் கடைக்குள் கால் வைக்க மாட்டாள்.

"இந்தக் காய்ச்சலோட எங்க கெளம்புத?" என்றார் வீட்டுக்காரர்.

"சாப்பிட."

சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். அதே இடத்தில் உட்கார்ந்தேன். வாயெல்லாம் கசப்பு. மிச்சம் வைத்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்களே என்று மென்று மென்று இறக்கினேன். பாதியில் செல்லம்மா தட்டோடு உள்ளே வந்து என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "தள்ளி இரிட்டி, அவனுக்கும் கொஞ்சம் எடம் வேணும்லா" என்றாள். அண்ணாச்சி செத்தவன் டம்ளரை எடுத்து மேலே பலகையில் வைத்தார். அன்றிலிருந்து நாங்கள் உள்ளேதான்.

பிறகு நானும் வீட்டுக்காரரும் ஆண்டாப் ஹில்லுக்கு வீடு மாறினோம். கண்ணில் படாதவளைச் செத்தவளாக்குவது கதை கட்டுகிறவர்களுக்குப் புதுசா என்ன?

கடை போயிற்று. காடியை மண் போட்டுத் தூர்த்தாயிற்று. அண்ணாச்சி போனார், செல்லம்மாவும் போனாள். நான் தின்று முடித்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருத்தரும் மிச்சமில்லை. அதனால்தான் தெரிந்த நாலு எழுத்தை வைத்து இதை எழுதி முடித்தேன்.

நித்யா, உனக்குத் தமிழ் தடுமாறும். பரவாயில்லை, எழுத்துக் கூட்டி வாசி. சத்தமாக வாசி.