அருப்புக்கோட்டை தாண்டி அம்மா ஓட்டிய கார்

அம்மா லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடமாகிறது. மயிலாப்பூர் நெரிசலுக்குப் பயந்து நான் அவள் கையில் காரைக் கொடுத்ததே இல்லை.

இன்று சாயல்குடியில் இருக்கும் அவளுடைய பள்ளித் தோழியைப் பார்க்கக் கிளம்பினோம். அருப்புக்கோட்டை தாண்டியதும் சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலமும் வெடித்த கரிசலும்தான். புரட்டாசி முடியப்போகிறது, இன்னும் மழை இறங்கவில்லை.

"இங்க நான் இடிக்கறதுக்கு என்னடா இருக்கு? ஓரமா நிறுத்து, நான் ஓட்டறேன்" என்றாள் அம்மா.

பத்து நிமிடம் அருமையாக ஓட்டினாள். திடீரென்று ஓர் ஆட்டு மந்தை சாலையில் இறங்கியது. அம்மா பிரேக்கை மிதிக்க, கார் குலுங்கி அணைந்தது. பம்பருக்கு ஒரு சாண் தள்ளி ஒரு குட்டி நின்றது.

அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "போறும்டா, நீயே ஓட்டு."

ஆடு மேய்க்கும் பெண் வந்து கண்ணாடியைத் தட்டினார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"நல்லா நிப்பாட்டுனீகத்தா! லாரிக்காரன் எவனும் இப்பிடி நிப்பாட்ட மாட்டான்" என்றார்.

அம்மா மறுபடி சாவியைத் திருப்பினாள். சாயல்குடி வரை ஸ்டியரிங்கை விடவில்லை.

இப்போது தோழியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "திரும்பிப் போறச்சேயும் நான்தான் ஓட்டப்போறேன்."

லஸ் கார்னர் மக்களே, நாங்கள் மயிலாப்பூர் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயேதானே இருப்பீர்கள்?